பசிக்கும் பவளங்கள்

பவளம் என்றவுடன் உங்கள் நினைவிற்கு வருவது எது? பாட்டியின் கழுத்திலே பார்த்த சிவந்த மணிமாலையாக இருக்கலாம். நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் அந்தப் பவளம் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கல் அன்று. மத்தியதரைக் கடலில் வாழும் ஓர் உயிரினம் தன் உடலைத் தாங்குவதற்காகக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு எலும்பு அது. 'கொராலியம் ரூப்ரம்' என்பது அதன் அறிவியல் பெயர்.

1706ஆம் ஆண்டில் மார்சிக்லி என்ற இத்தாலிய அறிஞர், கடலிலிருந்து அப்போதுதான் எடுத்த பவளக் கிளையொன்றைக் கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் இட்டு வைத்தார். சிறிது நேரத்தில் கிளையெங்கும் எட்டு இதழ்கள் கொண்ட வெண்மலர்கள் விரிந்தன. ஆகவே பவளம் ஒரு செடியே என்று அவர் முடிவு செய்தார். 1720களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர், அவை மலர்கள் அல்ல, சிறு விலங்குகள் என்று கூறினார். அக்கால அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஆயினும் அவர் கூறியதே சரி என்பது பின்னர் விளங்கிற்று. அந்தச் சிறு விலங்கைத்தான் இன்று 'பாலிப்பு' என்கிறோம். ஒவ்வொரு பாலிப்புக்கும் ஒரு வாய், ஒரு வயிறு, வாயைச் சுற்றி உணர்நீட்சிகள் உண்டு. நீங்கள் பாடத்தில் படித்த ஹைடிராவும் பவளமும் குழியுடலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை.

விலங்கு என்றால் அதற்குப் பசிக்க வேண்டுமல்லவா? கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர் பலர் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். அதனால் நேரும் விளைவைப் பற்றித்தான் இக்கட்டுரை.

உடலுக்குள் ஒரு பண்ணை

வெப்பக் கடல்களில் பெரும் பாறைகளைக் கட்டும் பவளங்களின் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. இவற்றை ஜூசாந்தெல்லே என்பர். ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத் திசுவில் ஏறத்தாழ பத்து லட்சம் பாசிச் செல்கள் இருக்கக்கூடும். இப்பாசிகள் சூரிய ஒளியில் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை போன்ற உணவுப்பொருள்களைத் தயாரிக்கின்றன. அதில் பெரும் பங்கைத் தம்மைத் தாங்கும் பவளத்திற்கே கொடுத்துவிடுகின்றன. நல்ல வெளிச்சத்தில் வாழும் பவளம் தனக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வாறே பெற்றுவிடும். இரவில் உணர்நீட்சிகளை விரித்து அது பிடிக்கும் சிற்றுயிர்கள், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி போன்றவை.

இதற்கு மாறாகப் பவளம் பாசிக்கு என்ன கொடுக்கிறது? தங்க இடம் கொடுக்கிறது. அத்துடன் தன் கழிவையும் கொடுக்கிறது. விலங்குகள் அனைத்தும் புரதத்தைப் பயன்படுத்தும்போது நைட்ரஜன் கழிவை வெளியேற்றுகின்றன. பவளத்தின் கழிவு அம்மோனியா. இது விலங்குக்கு நஞ்சு, பாசிக்கோ உரம். ஆகவே உள்ளேயிருக்கும் பாசி, பவளத்திற்குச் சமையற்காரர் மட்டுமல்லர், துப்புரவாளரும் அவரே. இந்த இரண்டாவது வேலையை நன்கு நினைவில் வையுங்கள். இக்கட்டுரையின் சாவி அதில்தான் இருக்கிறது.

பண்ணையில்லாப் பவளங்கள்

எல்லாப் பவளங்களுக்கும் இப்படிப்பட்ட பண்ணை கிடையாது. கல்போன்ற எலும்புக்கூடு கட்டும் பவள இனங்களில் ஏறத்தாழ பாதி, உடலுக்குள் பாசியில்லாமலே வாழ்கின்றன. இவற்றில் பல ஆழ்கடலில் உள்ளவை. நார்வே நாட்டுக் கரைக்கு அப்பால், ஒளி புகாத 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், இத்தகைய பவளங்கள் கட்டிய பெரும் பாறையொன்று 2002இல் கண்டறியப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்! பாட்டியின் மாலையில் உள்ள செம்பவளமும் பாசியில்லாத பவளமே. அது கடலடிக் குகைகளிலும் பாறை இடுக்குகளின் நிழலிலும் வாழ்கிறது. ஓராண்டில் அதன் கிளை அரை மில்லிமீட்டர் அளவுகூடப் பருப்பதில்லை.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் விரும்பி வாங்குவது வேறொரு பவளம். 'டுபாஸ்ட்ரியா' என்னும் அதனை சூரியப் பவளம் என்று அழைப்பர். செம்மஞ்சள் நிறப் பாலிப்புகள் விரிந்து நிற்கும்போது சிறுசிறு சூரியன்களைப் போலத் தோன்றுவதால் இப்பெயர். ஆனால் சூரியனுக்கும் இதற்கும் உணவுத் தொடர்பு ஏதுமில்லை. பாறை விளிம்பின் அடியிலும் குகையின் கூரையிலும் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் இரவில் விரிந்து, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களைக் கொட்டும் செல்களால் பிடித்து உண்டு வாழ்கிறது.

விளக்கு வேண்டாமென்றால் வேலை குறையுமா?

பவளங்களைத் தொட்டியில் வளர்க்கும் கலை அண்மைக் காலத்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியேறிய கடற்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டுக் கடலுயிர்களை வளர்க்கும் முறையை 1961இல் ஒரு மீன்வளர்ப்பு இதழில் விளக்கினார். பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இக்கலை வளர்ந்தது. பாசியுள்ள பவளங்களுக்குக் கதிரவனைப் போன்ற வலிய விளக்குகள் தேவை. விளக்கின் விலை அதிகம், மின்செலவும் அதிகம்.

அப்படியானால் வெளிச்சமே தேவைப்படாத சூரியப் பவளத்தை வளர்ப்பது எளிதாக அல்லவா இருக்க வேண்டும்? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

நாற்பது வாய்கள்

கைப்பிடி அளவுள்ள ஒரு சூரியப் பவளத்தில் 40 பாலிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாலிப்பு உண்டால் மற்றதன் பசி தீர்ந்துவிடுவதில்லை. அடிப்பகுதியில் மெல்லிய திசுவால் அவை இணைந்திருந்தாலும், அதன் வழியே பகிரப்படும் உணவு போதாது. ஆகவே 40 வாய்களுக்கும் தனித்தனியே ஊட்ட வேண்டும்! வாரத்திற்கு இரண்டு மூன்று முறையேனும் ஊட்டுவது அவசியம். நாள்தோறும் சிறிதளவு ஊட்டினால் இன்னும் நல்லது.

ஊட்டும் முறையைக் கேளுங்கள். ஆர்ட்டீமியா, மைசிஸ் போன்ற சிறு இறாலினங்களே பொதுவாகக் கொடுக்கும் உணவு. ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களில் வாழும் சிற்றுயிர். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. உறையவைத்த உணவாயின் முதலில் தனி நீரில் இளக்கி வடிகட்டிக்கொள்வர். இளகிய சாற்றில் சில துளிகளைப் பவளத்தின் அருகே விடுவர். உணவின் சுவை நீரில் கலந்ததும், மூடிக்கிடந்த பாலிப்புகள் மெல்ல மெல்ல விரியும். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் இவ்வாறு செய்துவந்தால், இரவில் விரியும் பவளம் பகலிலும் விரியப் பழகிவிடுகிறது.

பாலிப்புகள் விரிந்ததும் நீரைச் சுழற்றும் பம்பைச் சற்று நிறுத்திவிட்டு, டிராப்பர் போன்ற குழலால் ஒவ்வொரு வாயருகிலும் ஓரிரண்டு இறால்களை மெதுவாக விடுவர். உணர்நீட்சிகள் அவற்றைப் பற்றி வாய்க்குள் தள்ளும். ஆனால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? தொட்டியிலுள்ள மீன்களும் இறால்களும் ஓடிவந்து, பாலிப்பின் வாய்க்குள் போன உணவைக்கூடப் பிடுங்கித் தின்றுவிடும். அதற்கும் ஓர் உபாயம் உண்டு. பிளாஸ்டிக் புட்டியின் மேற்பாதியை வெட்டிப் பவளத்தின்மேல் கூண்டுபோல் கவிழ்த்துவிட்டு, புட்டியின் வாய் வழியாக உணவைச் செலுத்துவர். வேறு சிலர் பவளத்தைத் தொட்டிநீர் நிரப்பிய தனிப் பாத்திரத்திற்கு மாற்றி, ஊட்டி முடித்தபின் திரும்ப வைப்பர்.

பொறுமையுள்ள எவரும் இவ்வளவையும் செய்துவிடலாம். உண்மையான சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

100 லிட்டர் நீருள்ள ஒரு தொட்டி. அதில் நாளொன்றுக்கு 1 கிராம் உணவு இடுகிறோம். இது நீர் நீங்கிய எடை. அதில் பாதி, அதாவது 500 மில்லிகிராம், புரதம் என்று கொள்வோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே நாம் இட்ட நைட்ரஜன் 80 மில்லிகிராம்.

உண்ட உணவிலிருந்து கழிவாகவும், உண்ணாத உணவிலிருந்து அழுகலாகவும் அம்மோனியா வெளிவருகிறது. தொட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 14 கிராம் நைட்ரஜனிலிருந்து 62 கிராம் நைட்ரேட் உண்டாகும். எனவே 80 மில்லிகிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால், ஏறத்தாழ 350 மில்லிகிராம் கிடைக்கும். 100 லிட்டரில் பகிர்ந்தால், நாளொன்றுக்கு லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் வீதம் ஏறுகிறது. ஒரு வாரத்தில் ஏறத்தாழ 25 மில்லிகிராம்! பவளப்பாறைகளைச் சூழ்ந்த தெளிந்த கடல்நீரிலோ லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட நைட்ரேட் இருப்பதில்லை.

'வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். அதையும் கணக்கிட்டுப் பாருங்கள். நீரில் உள்ள நைட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்கே ஒவ்வொரு வாரமும் வெளியேறும். வெளியேறுவதும் புதிதாகச் சேரும் 25 மில்லிகிராமும் சமமாகும்போதுதான் ஏற்றம் நிற்கும். அப்படியானால் லிட்டருக்கு 125 மில்லிகிராம் வரை ஏறிய பிறகே அது நிற்கும். பவளத்தின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜன் சேரும். வேறு வழிகளிலும் சிறிது நீங்கும். ஆகவே நடைமுறையில் இவ்வளவு ஏறாது. எனினும் போக்கு எத்திசையில் என்பது விளங்குகிறதல்லவா? நைட்ரேட்டுடன் பாஸ்பேட்டும் சேர்கிறது. இவை மிகுந்தால் வேண்டாத பாசிகள் தொட்டியெங்கும் படர்ந்து பவளத்தையும் மூடத் தொடங்கும்.

இப்போது துப்புரவாளரை நினைத்துக்கொள்ளுங்கள். பாசியுள்ள பவளம் தன் கழிவைத் தனக்குள்ளேயே உரமாக்கிவிடுகிறது. பாசியில்லாத பவளத்திற்கு அந்த வசதி இல்லை. அதற்கு வெளியிலிருந்து உணவும் வேண்டும். வெளியேற்றிய கழிவை யாரேனும் அகற்றவும் வேண்டும். உணவைக் குறைத்தால் பட்டினி. கூட்டினால் நீர் கெடும். வளர்ப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறார்.

கடல் இதை எப்படிச் செய்கிறது?

மற்றொரு சிறு கணக்கு. 10 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பவளத்தின்மீது, வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீரோட்டம் செல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு 1,000 கன சென்டிமீட்டர், அதாவது 1 லிட்டர் நீர் அதைக் கடந்து செல்கிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே நாளொன்றுக்கு 86,400 லிட்டர்! நம் தொட்டியைப் போல 864 தொட்டிகளின் நீர். ஒவ்வொரு லிட்டரிலும் உணவு மிகக் குறைவுதான். ஆனால் அது ஓயாமல் வந்துகொண்டேயிருக்கிறது; கழிவும் ஓயாமல் போய்க்கொண்டேயிருக்கிறது.

இத்தகைய நீரோட்டம் கிடைத்தால் சூரியப் பவளம் எவ்வளவு வலிமையானது தெரியுமா? பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளுக்குரிய ஒரு சூரியப் பவள இனம், 1943இல் கரீபியக் கடலின் போர்ட்டோ ரிக்கோ, குராசாவ் தீவுகளில் இருப்பதாக முதன்முதலில் பதிவாயிற்று. அது கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். 1980களின் இறுதியில் பிரேசில் கரைக்கு அப்பாலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளிலும் காணப்பட்டது. இன்று அந்நாட்டுக் கரைப்பாறைகளில் உள்ளூர் உயிரினங்களை நெருக்கித் தள்ளும் வந்தேறியாகப் பெருகிவிட்டது. கண்ணாடித் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும் அதே உயிர், ஓடும் நீரில் கடல்களையே வெல்கிறது! குறை பவளத்தில் இல்லை. தொட்டியின் சிறுமையில் இருக்கிறது.

கழிவை அகற்றும் வழிகள்

தேர்ந்த வளர்ப்பாளர்கள் கடலின் வேலையைச் சிறிய அளவில் செய்ய முயல்கின்றனர். முதலாவது, நுரைக் கருவி. அலை மோதும் கரையில் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்துள்ள புரதம் போன்ற பொருள்கள் காற்றுக் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் அந்நுரை உண்டாகிறது. ஒரு குழாயினுள் நுண்ணிய குமிழிகளை எழுப்பி, மேலே திரளும் நுரையை அகற்றிவிட்டால், புரதம் அம்மோனியாவாக மாறுமுன்பே வெளியேறிவிடும்.

இரண்டாவது, நுண்துளைகள் நிறைந்த கடற்பாறைத் துண்டுகள். ஆக்சிஜன் எட்டாத அத்துளைகளின் உட்புறத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. வாயு காற்றில் கலந்துவிடும்.

மூன்றாவது முறை சுவையானது. பக்கத்தில் ஒரு சிறு தொட்டி அமைத்து, அதில் கடற்பாசி வளர்த்து, பாசிக்கு விளக்கேற்றுவர். கழிவை உண்டு வளரும் பாசியை அவ்வப்போது அறுத்து எறிவர். விளக்கு வேண்டாம் என்று தொடங்கினோம். முடிவில் விளக்கும் பாசியும் திரும்பி வந்துவிட்டன! பவளத்திற்கு உள்ளே இல்லாத துப்புரவாளரை வெளியே அமர்த்த வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிற்கும் ஒரே உணவா?

இவ்வளவும் செய்தாலும் சில பவளங்கள் பிழைப்பதில்லை. 'டெண்ட்ரோநெஃப்தியா' என்பது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த, மிக அழகிய மென்பவளம். அழகுக்காக வாங்கப்பட்டுத் தொட்டிகளில் சில மாதங்களுக்குள் சுருங்கி மடிவது இதன் வழக்கம். 1995இல் ஃபாப்ரிசியஸ், பெனாயாஹு, ஜெனின் ஆகிய அறிவியலார் செங்கடலில் இதனை ஆராய்ந்தபோது ஒரு புதுமை வெளிப்பட்டது. இது முதன்மையாக உண்பது சிறு விலங்குகளை அன்று. நீரில் மிதக்கும் நுண்தாவரங்களை! அதாவது இது ஒரு தாவர உண்ணி. பசுவின் முன் மீன்குழம்பு வைத்தால் என்ன பயன்? அதுபோல, இறால் துண்டு எத்தனை இட்டாலும் இதன் பசி தீராது. நுண்தாவரங்களை இரவும் பகலும் தொடர்ந்து செலுத்த வேண்டும். அப்போது நீர் இன்னும் விரைவாகக் கெடும்.

மற்றொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். பட்டினி கிடக்கும் பவளம் மீனைப் போல உடனே செத்து மிதப்பதில்லை. முதலில் பாலிப்புகள் விரிவது குறையும். பின்னர் பாலிப்புகளுக்கு இடையேயுள்ள திசு பின்வாங்கி வெள்ளை எலும்பு தெரியும். அந்த எலும்பின்மேல் பாசி படரும். இப்படி மாதக்கணக்கில் நீளலாம். பார்ப்பவருக்கு அது உயிரோடிருப்பதாகவே தோன்றும். பசியென்று கத்தத் தெரியாத உயிரின் துன்பம் நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. நன்கு உண்ட சூரியப் பவளமோ, தாய்ப் பவளத்தைச் சுற்றிப் பாறையிலும் கண்ணாடியிலும் சிறு செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகளைத் தோற்றுவிக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல்விசிறி முதலியன 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சூரியப் பவளமும் இதில் அடங்கும். மன்னார் வளைகுடாவிலோ வேறெங்கோ கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். சட்டத்தின் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

ஆனால் இதே பாடத்தைக் குளத்து நீரில் நீங்கள் கற்கலாம். பவளத்தின் உறவினனான ஹைடிராவுக்கு இரு வகை உண்டு. உடலில் பாசியுள்ள பச்சை ஹைடிரா ஒன்று. பாசியில்லாத பழுப்பு ஹைடிரா மற்றொன்று. பின்னதே நம் 'பசிக்கும் பவள'த்திற்கு ஈடு. தெளிந்த குளத்தின் நீர்த்தாவரங்களைச் சிறிது எடுத்து, அதே குளத்து நீருடன் கண்ணாடிப் புட்டியில் அசைக்காமல் வையுங்கள். ஹைடிரா இருந்தால் ஓரிரு நாள்களில் புட்டியின் சுவரில் நூல்போல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழுப்பு ஹைடிராக்களை இரண்டு புட்டிகளில் ஐந்தைந்தாக இடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது. குளத்து நீரே வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டிலும் டாஃப்னியா போன்ற சிறு நீர்ப்பூச்சிகளைச் சம அளவில் விடுங்கள். முதற்புட்டியில் சில மணி நேரம் கழித்து மிச்ச உணவை நீக்கிப் பாதி நீரை மாற்றுங்கள். இரண்டாவதில் ஒன்றும் செய்யாதீர்கள். மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் ஹைடிராக்களையும் அவற்றின் மொட்டுகளையும் எண்ணிக் குறித்து வாருங்கள். எந்தப் புட்டியில் மொட்டுகள் மிகுகின்றன? எதில் ஹைடிராக்கள் சுருங்குகின்றன? சோதனை முடிந்ததும் அவற்றை எடுத்த குளத்திலேயே விட்டுவிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. பச்சை ஹைடிரா கிடைத்தால், உணவு இடாமல் ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருளிலும் வைத்துப் பாருங்கள். எது நீண்ட நாள் தாங்கும்? ஏன்?

2. நம் கணக்கில் 100 லிட்டர் தொட்டிக்குப் பதிலாக 1,000 லிட்டர் தொட்டி இருந்தால், வாரத்திற்கு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நைட்ரேட் ஏறும்?

3. ஓர் உயிரை வளர்ப்பதற்கு அதற்கு உணவிட்டால் மட்டும் போதுமா? உங்கள் வீட்டு மீன்தொட்டியையோ மாட்டுத் தொழுவத்தையோ எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை எழுதுங்கள்.